பெல்ட் கிளட்ச்: மேட்டில் கியர் விகிதம் தானாக மாறுவது எப்படி?

கேள்வி: பெல்ட்டில் இயங்கும் சிவிடி (கியர் விகிதத்தைப் படிகளின்றித் தொடர்ச்சியாக மாற்றும் அமைப்பு) பொருத்திய பயன்பாட்டு வாகனங்கள், ஓட்டுநர் கியர் மாற்றாமலேயே மேட்டில் இழுவிசையைக் கூட்டிக்கொள்வது எவ்வாறு என்பதை யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1: எஞ்சின் தண்டிலுள்ள முதன்மைக் கிளட்ச், எதிரெதிராகச் சரிந்த இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. எஞ்சினின் சுழற்சி வேகம் கூடும்போது அதிலுள்ள எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து, சுருள்வில்லின் எதிர்ப்பை வென்று, நகரும் தட்டை உள்ளே தள்ளுவதால், வி வடிவ பெல்ட் முதலில் பிடிபட்டு, பின்னர் படிப்படியாக விளிம்பை நோக்கி ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாததால், சக்கரங்களை இயக்கும் பக்கத்திலுள்ள இரண்டாம் கிளட்ச்சின் தட்டுகள் விலகி, அங்கே அது மையத்தை நோக்கி இறங்குகிறது.

மறுமொழி 2: இவ்விளக்கம் சரியே, எனினும் மேட்டைப் பற்றிய கேள்விக்கு விடை இரண்டாம் கிளட்ச்சில்தான் இருக்கிறது. அதன் நகரும் தட்டு சாய்வான திருகுத் தடத்தோடு இணைந்திருப்பதால், சக்கரங்களின் எதிர்ப்பு கூடும்போது அத்தட்டு திருகி நெருங்கி, பெல்ட்டை மீண்டும் தன் விளிம்புக்குத் தள்ளுகிறது; இதனால் விகிதம் தாழ்ந்த கியருக்கு இணையாகி, இழுவிசை கூடுகிறது. முதன்மைக் கிளட்ச் வேகத்தை உணர்கிறது, இரண்டாம் கிளட்ச் சுமையை உணர்கிறது.

கேட்டவர்: அப்படியானால், பாரத்தை மெதுவாக இழுக்கையில் பெல்ட் கருகுவது ஏன்?

மறுமொழி 2: பிடி முழுமையடையாத குறைந்த சுழற்சியில் பெல்ட் வழுக்குவதே காரணம்; அந்த வெப்பம் அதை விரைவில் அழித்துவிடும். லோ ரேஞ்ச்சைத் (மெதுவான வேகத்துக்கும் அதிக இழுவிசைக்குமான கியர் நிலை) தேர்ந்தெடுத்து, பிடி உறுதியாகும்படி தயங்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். குளிர்காற்று வரும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள்.