பாம்புக் கூடத்தின் பின்பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

கரையோரம்

விலங்கியல் பூங்காவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஊர்வனவற்றைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். அந்தப் பக்கம் போய் வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். எனக்கு ஒரு காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

நாகத்துக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு காப்பாளர்கள், ஒரு கால்நடை மருத்துவர், அறைக் கதவின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நான். கூண்டைத் திறப்பதற்கு முன் பாம்பு எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருவர் உரக்கச் சொன்னார். மற்றவர் அதையே திருப்பிச் சொன்னார். அதன் பிறகுதான் பூட்டில் சாவி போட்டார்கள்.

கொக்கிக் கம்பியால் முன்னுடலைத் தாங்கிப் பிடித்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதன் முகத்துக்கு நேராக வைத்தார்கள். வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். யாரும் தள்ளவில்லை, விரட்டவில்லை. நாகம் படம் எடுத்தது, சீறியது, குழாயின் விளிம்பை இரண்டு முறை மூக்கால் முட்டியது. பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டு தானாகவே உள்ளே நுழைந்தது. உடலில் மூன்றில் ஒரு பங்கு போனதும் ஒரே பிடி. குழாயின் விளிம்பும் பாம்பின் உடலும் ஒரே கைக்குள் வந்துவிட்டன. உள்ளே திரும்ப முடியாத அகலமுள்ள குழாயைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வால் பக்கம் மருத்துவர் ஊசியோடு குனிந்தார். நான் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழத் தூரத்தில் நாகத்தின் முகம். நாக்கு வெளியே வந்து குழாயின் உட்சுவரைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. மேலுதட்டுச் செதில் ஒன்றின் ஓரத்தில் பழைய சட்டையின் துணுக்கு, நகக்கண் அளவுகூட இருக்காது, ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயைப் பிடித்திருந்த காப்பாளரும் அதைப் பார்த்துவிட்டார். பாம்பைத் திரும்ப விட்டதும் அவர் குறிப்பேட்டில் முதலில் எழுதியது அதைத்தான்: "சட்டை முழுதாகக் கழலவில்லை, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும்." அவ்வளவு பதற்றத்துக்கு நடுவிலும் அந்தத் துணுக்கைக் கவனித்த கண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

ஈரமண்

பாம்பைப் பற்றி எழுத நிறையப் பேர் வருவார்கள். நான் தேரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

தவளை, தேரை அறைக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. செருப்பை வெளியே விட்டு, கிருமிநாசினித் தட்டில் கால் வைத்து, அந்த அறையை விட்டு ஒருநாளும் வெளியே போகாத ரப்பர் காலணிகளை அணிய வேண்டும். தூள் பூசாத கையுறை, அதையும் நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். எல்லாம் கைட்ரிட் பூஞ்சைக்குப் பயந்து. தவளை தோல் வழியாகவே நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை அந்தத் தோலைக் கெடுத்தால் உடலில் உப்புகளின் அளவு சரிந்து இதயம் நின்றுவிடுகிறது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த நோயால் 501 இனங்கள் குறைந்துவிட்டன, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்று கணக்கிட்டது.

நான் பார்த்தவை கிஹான்சி சாரல் தேரைகள். தான்சானியாவில் ஓர் அருவியின் சாரல் படுகிற சிறு நிலப்பரப்புதான் அவற்றுக்கு மொத்த உலகமும். 1996இல்தான் அப்படி ஓர் உயிர் இருப்பதே தெரியவந்தது. அணை கட்டியதும் சாரல் குறைந்தது. 2000இல் 499 தேரைகளைப் பிடித்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2009இல் இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2012இல், பூங்காக்களில் பெருகியவற்றை அதே பள்ளத்தாக்கில் திரும்ப விட்டார்கள்.

தொட்டியில் பாசியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பொறுங்கள்" என்றார் காப்பாளர். மேலே இருந்த குழாய்முனைகள் சாரலைத் தூவத் தொடங்கின. பாசி அசைந்தது. இலைக்கு அடியிலிருந்து, கல் இடுக்கிலிருந்து, மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவுள்ள தேரைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்து சாரலில் உட்கார்ந்தன. ஒன்றின் பக்கத்தில் குட்டிகள் இருந்தன. இவை முட்டை இடுவதில்லை, குட்டி போடுகின்றன. கால் முளைத்து முழு உருவத்தோடு பிறந்த அந்தக் குட்டிகள் கொசுவைவிடச் சற்றுப் பெரியவை. அருவியின் வேலையை ஒரு பம்பு செய்துகொண்டிருந்தது. அந்தப் பம்பு ஒருநாள் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

நேர்பட

கரையோரம் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். குழாய்க்குள் அடைத்து இறுக்கிப் பிடிப்பதை ஏதோ கலைநிகழ்ச்சி பார்த்தது போல வருணித்திருக்கிறீர்கள். அந்த உயிருக்கு அது மரண பயம். மயக்க மருந்து எதற்கு இருக்கிறது?

நானும் பின்பக்கம் போயிருக்கிறேன். முன்பக்கம் பாறையும் செடியும் நீரோடையுமாக அலங்காரம். பின்பக்கம் அலமாரியில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள், அடியில் வெறும் காகிதம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஒரு பெட்டியில் இளம் மலைப்பாம்பு சுவரோரமாக மூக்கை உரசிக்கொண்டே சுற்றி வந்தது. மூக்குச் செதில் தேய்ந்து சிவந்திருந்தது. நான் நின்ற நேரம் முழுவதும் அது நிற்கவில்லை. பார்வையாளருக்குக் காட்டும் அழகில் பாதியாவது அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாதா?

பழைய காப்பாளர்

நேர்பட அவர்களுக்கு. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழாயைப் பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை.

குழாய் வருவதற்கு முன் எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? கழுத்தைக் கம்பியால் தரையோடு அழுத்தி, தலைக்குப் பின்னால் விரல்களால் பற்றுவார்கள். பாம்பின் மண்டையோடு முதுகெலும்போடு ஒரே ஒரு எலும்பு முண்டில்தான் பொருந்தியிருக்கிறது. பாம்பு திமிறினால் அந்த இடத்தில்தான் காயம்படும். பிடிப்பவர் கையும் பற்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். குழாயில் கழுத்தை யாரும் தொடுவதே இல்லை.

மயக்க மருந்து கொடுக்கலாமே என்கிறீர்கள். விஷப்பாம்புக்கு மயக்க வாயுவைக் கொடுப்பதே பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகத்தான். அதிலும் பாம்பு மூச்சை நெடுநேரம் அடக்கிக்கொள்ளும், மயங்கவும் தெளியவும் நேரம் பிடிக்கும். சில நிமிடங்களில் முடிகிற ரத்தப் பரிசோதனைக்காக அதையெல்லாம் செய்வதுதான் பாம்புக்குக் கூடுதல் துன்பம்.

வெறும் காகிதம் போடுவது தனிமைக் காப்பில். புதிதாக வந்த பாம்பை வாரக்கணக்கில் தனியே வைப்போம். எச்சத்தில் புழு இருக்கிறதா, செதிலுக்கு அடியில் உண்ணி ஊர்கிறதா, விழுங்கியதைக் கக்கியதா, எல்லாம் காகிதத்தில்தான் தெரியும். மண்ணும் இலையும் போட்டால் ஒன்றும் தெரியாது. மூக்கு தேய்ந்த பாம்பை அப்படியே விட்டிருந்தால் அது தவறுதான். அதில் உங்களோடு வாதாட மாட்டேன்.

முட்டையறை

சண்டை நடக்கட்டும். நான் கேட்ட ஒரு குரலைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலை முட்டைகள் வைத்திருந்த அடைகாப்பான் அறை. ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் ஒரு கோடு. கோடு எப்போதும் மேலே பார்த்தபடியே இருக்க வேண்டும். கோழி முட்டையைப் போல இவற்றைப் புரட்டவே கூடாது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் இறந்துவிடும். வெப்பநிலைமானியை நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதே அடைகாக்கும் சூடுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சதுப்புநில முதலையில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண்.

பொரிக்கும் நாள் நெருங்கியிருந்தது. அங்கே வேலை பார்த்த அம்மா ஒருவர் பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, தொண்டைக்குள்ளிருந்து "ங்க், ங்க்" என்று ஒரு சத்தம் எழுப்பினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முட்டைக்குள்ளிருந்து அதே சத்தம். அடுத்த முட்டை. அதற்கடுத்தது. ஓடு உடையாத வெள்ளை முட்டைகள் பெட்டி முழுக்கக் கத்தத் தொடங்கின. ஒன்றின் குரல் கேட்டு மற்றவையும் ஓட்டை உடைத்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவரும், தாய் கூட்டைத் தோண்டுவதும் இந்தக் குரலைக் கேட்டுத்தான் என்று அந்த அம்மா சொன்னார். என் உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தார், கோடு மேலே பார்க்கும்படி. உள்ளேயிருந்து அது கூப்பிட்டபோது ஓடு அதிர்ந்ததை விரல்களில் உணர்ந்தேன்.

பல்லிவால்

ஆண் துணை இல்லாமல் தனியே இருந்த பெண் உடும்பு முட்டையிட்டால் கரு இருக்காது என்று எடுத்து எறிந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் போன இடத்தில் எறியவில்லை. இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துக் காட்டினார்கள். மெல்லிய சிவப்பு நரம்புகள், வலைபோல. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்காவில் இருந்த கொமோடோ உடும்பு ஃபுளோரா 2006இல் இப்படித்தான் ஆணின் துணையில்லாமல் முட்டையிட்டு, 2007 ஜனவரியில் குஞ்சுகள் வெளிவந்தன. குஞ்சுகள் அத்தனையும் ஆண். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள் தாயிடம் அமைந்திருக்கும் விதத்தால் இந்த வழியில் பெண் குஞ்சு பிறக்க முடியாது.

உச்சிவெயில்

சிகிச்சை அறையில் ஒரு பச்சை இகுவானாவைப் பார்த்தேன். யாரோ வீட்டில் வளர்த்து, முடியாமல் போனதும் பூங்காவில் விட்டுவிட்டார்கள். கீழ்த்தாடை ரப்பர்போல வளைந்து தொங்கியது. இலையைக் கவ்வும், மெல்ல முடியாமல் விழும், மறுபடியும் கவ்வும். அதுதான் என் அனுபவம்.

ஆகவே வீட்டில் ஊர்வன வளர்க்கும் அனைவருக்கும் சொல்கிறேன். சன்னல் வழியாக வெயில் வருகிறதே என்று இருந்துவிடாதீர்கள். எலும்புக்கு வேண்டிய புற ஊதா பி கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் தீனியில் உள்ள கால்சியம் உடலில் சேரும். புற ஊதா விளக்கு வாங்கினால் போதாது. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதாக் கதிர் தேய்ந்துபோயிருக்கும், கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அளவுமானி வைத்து அளந்து, தயாரிப்பாளர் சொன்ன காலத்துக்குள் மாற்றுங்கள். விளக்கை மேலிருந்து தொங்கவிடுங்கள், பக்கவாட்டில் வைத்தால் கண் கெடும். சூடான இடம் ஒன்று, குளிர்ந்த இடம் ஒன்று, இரண்டும் கூண்டில் இருக்கட்டும். உடல் சூடேறாவிட்டால் தோலில் டி3 உருவாகும் வேலையும் நடக்காது. பூச்சி தின்னும் பல்லிகளுக்குப் பூச்சியை அப்படியே போடாதீர்கள். பெரும்பாலான தீனிப் பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பூச்சிக்கே முதல்நாள் சத்தான தீனி கொடுத்து, கால்சியப் பொடியில் புரட்டிவிட்டுப் போடுங்கள். இகுவானாவுக்கு இறைச்சி வேண்டாம், அது இலை தின்னும் விலங்கு. தவளை வைத்திருப்பவர்கள் குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக்காமல் ஊற்றாதீர்கள். இத்தனையும் செய்ய முடியாதென்றால் தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள். வளைந்த தாடை பிறகு நேராவதில்லை.

கரையோரம்

உச்சிவெயில், இங்கே யாரும் வளர்ப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த இகுவானா என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

உச்சிவெயில்

பசைபோல அரைத்த கீரையை ஊசிக்குழாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை.

நேர்பட

பழைய காப்பாளர் ஐயா, குழாயைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். காகிதமும் சரி. ஆனால் நான் பார்த்த பெட்டியில் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம்கூட இல்லை. அதற்கும் காரணம் இருக்கிறதா?

பழைய காப்பாளர்

இல்லை, அதற்குக் காரணமே கிடையாது. தனிமைக் காப்பிலும் மறைவிடம் கட்டாயம் வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒரு துளை போட்டு வைத்தாலே போதும், அழுக்கானால் எறிந்துவிடலாம். விஷப்பாம்பு என்றால் எங்களுக்கே அந்தப் பெட்டி இல்லாமல் வேலை நடக்காது. இழுகதவு வைத்த மரப்பெட்டியைக் கூண்டுக்குள் நிரந்தரமாக வைத்திருப்போம். பாம்பு பழகிப்போய் அதற்குள்ளேதான் படுத்திருக்கும். நீண்ட கொக்கியால் கதவை மூடி, பூட்டி, இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கூண்டுக்குள் கை விட்டுக் கழுவுவோம். அடுத்த முறை போனால் அந்த மலைப்பாம்பின் பெட்டியைக் காட்டி நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் வைப்பார்கள்.