அம்மா போனதும் குழந்தை அழுகிறதா என்பதை வைத்தா பாசத்தை அளக்கிறார்கள்?

நடுநிசி_வாசகன் கேட்டது:
குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம் ஒன்று படிக்கிறேன். ஒரு வயதுக் குழந்தையை அறிமுகமில்லாத அறையில் விட்டு, அம்மாவை வெளியே அனுப்பி, இருபது நிமிடம் பார்த்துவிட்டு, 'இது பாதுகாப்பான பிணைப்பு (அம்மாவை நம்பி ஒட்டியிருக்கும் பாசம்), இது இல்லை' என்று முடிவு கட்டுகிறார்களாம். பேசத் தெரியாத குழந்தை, புது இடம், புது ஆள், அதுவும் அன்றைக்குத் தூக்கம் சரியில்லையென்றால் என்ன செய்யும்? இதை எப்படி அறிவியல் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசி_பெஞ்ச்:
நீங்கள் சொல்வது உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' என்ற சோதனை. பலரும் அழுகையைத்தான் அளக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். முக்கியமாகப் பார்ப்பது அம்மா திரும்பி வரும் அந்த நிமிடத்தை. மொத்தம் எட்டுக் கட்டம், பெரும்பாலானவை மூன்று நிமிடம். இதில் அம்மா இரண்டு முறை போய் இரண்டு முறை வருகிறார், ஒரு முறை குழந்தை அந்நியருடன் இருக்கும், ஒரு முறை தனியாக இருக்கும். குழந்தை ரொம்பவும் தவித்தால் மூன்று நிமிடம் வரை காத்திருக்காமல் அந்தக் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

திரும்பி வந்தவரிடம் குழந்தை நெருங்கிப் போகிறதா, தூக்கிக்கொண்டபின் ஒட்டியிருக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, தூக்கச் சொல்லிக் கை நீட்டிவிட்டுத் தூக்கியதும் திமிறுகிறதா என்று நான்கு அளவுகோல்களில் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடுவார்கள். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக வீடியோவைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்களை ஒப்பிடுவதும் உண்டு. ஆக, அழுது தீர்த்துவிட்டு அம்மா வந்ததும் மடியில் அடங்கி, கொஞ்ச நேரத்தில் பொம்மையை நோக்கி இறங்கிப் போகிற குழந்தை பாதுகாப்பான வகைதான். அழவே அழாமல் சிரித்து வரவேற்கிற குழந்தையும் அதே வகையில் வரலாம்.

மழைக்கால_நத்தை:
மேலே சொன்னது சரி. ஆனால் கேள்வியின் முக்கால்வாசி இன்னும் அப்படியே நிற்கிறது: இருபது நிமிடத்தை எதற்கு நம்ப வேண்டும்? அதற்கான பதில் அறைக்கு வெளியே இருக்கிறது. எய்ன்ஸ்வொர்த் இந்தச் சோதனையைத் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. 1950களில் உகாண்டாவில் தாய்மார்களையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டிலேயே கவனித்தார். அப்புறம் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை, குழந்தை பிறந்த முதல் ஆண்டு முழுக்க, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் போல உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கூட்டினால் ஒரு குடும்பத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் வரும். குழந்தை சிணுங்கினால் அம்மா எவ்வளவு நேரத்தில் போகிறார், பால் கொடுக்கும்போது யார் போக்குக்கு யார் இசைகிறார்கள், இப்படி. ஆண்டு முடிவில்தான் அந்த அறைச் சோதனை. வீட்டில் எழுதிய குறிப்புகளும் அறையில் கண்டதும் பொருந்தி வந்ததால்தான் இருபது நிமிடத்துக்கு மரியாதை. அந்த எழுபது மணி நேரத்தைச் சொல்லாமல் சோதனையை மட்டும் சொல்லிக்கொடுக்கிற பாடப்புத்தகங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.

அறைக்குள் போக விருப்பமில்லையென்றால் 'கியூ-சார்ட்' என்று ஒன்று இருக்கிறது. எவரெட் வாட்டர்ஸ் உருவாக்கியது. 90 அட்டைகள், ஒவ்வொன்றிலும் குழந்தையின் நடத்தை பற்றி ஒரு வரி. வீட்டில் சில மணி நேரம் பார்த்தபின் எது இந்தக் குழந்தைக்கு ரொம்பப் பொருந்தும், எது பொருந்தவே பொருந்தாது என்று அடுக்குவார்கள்.

நடுநிசி_வாசகன்:
நன்றி, இது யாரும் சொல்லாத பக்கம். ஆனால் அம்மா வந்தும் கண்டுகொள்ளாமல் விளையாடுகிற குழந்தையை 'தவிர்க்கும் வகை' என்கிறார்களே. அது தைரியமான குழந்தையாக ஏன் இருக்கக் கூடாது?

கடைசி_பெஞ்ச்:
அந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் வந்தது. 1977இல் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தக் குழந்தைகளின் துடிப்பு ஏறித்தான் இருந்தது. அதனால் முகத்தை மட்டும் நம்பாமல், உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளப்பது மாதிரியான வழிகளும் பின்னால் வந்தன. ஆனால் ஒன்று, இந்த வகைப்பாடு குழந்தைக்கு ஒட்டும் முத்திரை இல்லை. அதே குழந்தை அப்பாவிடம் ஒரு வகை, அம்மாவிடம் வேறு வகை என்று வருவதுண்டு. அளக்கப்படுவது இருவருக்கும் இடையில் இருப்பதை.

தூரத்துப்_பச்சை:
எல்லோரும் ரொம்ப நல்லவிதமாகவே சொல்லிக்கொண்டு போகிறீர்கள், கொஞ்சம் குட்டையைக் குழப்புகிறேன். ஜெர்மனியின் பீலஃபெல்டில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தவிர்க்கும் வகையில் வந்தார்கள். ஜப்பானின் சப்போரோவில் அந்த வகையே காணோம், மாறாகச் சமாதானப்படுத்த முடியாமல் அழுதவர்கள் நிறைய. பிரிவு குழந்தைக்கு லேசான மன அழுத்தம்தான் தரும் என்று வைத்துத்தான் இந்தச் சோதனையே. அம்மாவைப் பிரிந்தே பழகாத குழந்தையைத் தனியறையில் விட்டால் அது 'லேசான மன அழுத்தம்' ஆகுமா? சோதனையின் அடிப்படையே அங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1988இல் வான் ஐசென்டோர்னும் குரூனன்பெர்க்கும் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எனவே 'ஜப்பானியர் இப்படி, ஜெர்மானியர் அப்படி' என்று பேசவும் வழியில்லை.

இன்னொன்று. அம்மாவின் கவனிப்புக்கும் குழந்தையின் பிணைப்புக்கும் உள்ள தொடர்பு, பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, பால்டிமோரில் தெரிந்த அளவுக்கு வலுவாக வரவில்லை. தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமாகத்தான். இதை வைத்து எந்தத் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

மழைக்கால_நத்தை:
தூரத்துப்_பச்சை சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. நடுநிசி_வாசகன், இன்னும் சின்னக் குழந்தைகளை எப்படி ஆராய்கிறார்கள் என்று பார்க்க நினைத்தால் எட்வர்ட் ட்ரோனிக்கின் 'ஸ்டில் ஃபேஸ்' சோதனையைப் படியுங்கள். அம்மா முதலில் குழந்தையோடு விளையாடுவார், அப்புறம் கொஞ்ச நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார், மறுபடி விளையாடுவார். சில மாதக் குழந்தைகூட முதலில் சிரித்து, சத்தம் கொடுத்து அம்மாவை மறுபடி இழுக்கப் பார்க்கும், பலிக்காவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். வீடியோ இணையத்தில் கிடைக்கும், நடுவில் நிறுத்திவிடாமல் மறுபடி விளையாடுகிற பகுதியையும் பாருங்கள், அங்கேயும் மதிப்பெண் போடுகிறார்கள்.