நாய்க்கு வந்து மாறின உண்ணிக் காய்ச்சல் காப்புறுதிக்குப் பழைய நோயா, புது நோயா?

பரந்தன்காரன்: நேற்று லண்டன் வன்னியான் இங்கே எழுதியது இது: "வந்து மாறின உண்ணிக் காய்ச்சல் பழைய நோய்க் கணக்கில் வராது, எந்தக் காப்புறுதியும் காசு தரும்." வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் அக்கா பரந்தனில் வளர்த்த, உண்ணிக் காய்ச்சல் வந்து மாறின நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அதிலிருந்து 3 மாதம் காத்திருந்துதான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். போன கையோடு காப்புறுதியும் எடுத்தார். எட்டாம் மாதம் நாய்க்கு மூக்கால் இரத்தம், சோதித்தால் எர்லிக்கியா, அதே உண்ணிக் காய்ச்சல் கிருமி. காப்புறுதிக்காரர் பழைய வைத்தியப் பதிவு முழுவதையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இலங்கையிலேயே இருந்த நோய் என்று ஒரு சதமும் கொடுக்கவில்லை. மாறின நோய் பழைய நோய்தான்.

லண்டன் வன்னியான்: இங்கே வந்தபின் உண்ணி கடித்தால் அது புது நோய், அதைத்தான் சொன்னேன். என் லாப்ரடோருக்கு 11 வருடமாக வாழ்நாள் திட்டத்தில் காசு கட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? 12 மாதத்தோடு கையை விரிக்கிற மலிவுத் திட்டத்தை எடுத்துவிட்டு அழுதால் யார் பிழை?

பரந்தன்காரன்: அக்கா எடுத்ததும் வாழ்நாள் திட்டம்தான். வருடா வருடம் உச்சத்தொகை புதிதாகும், போன வருடம் வந்த நோய்க்கு இந்த வருடமும் தருவார்கள், அவ்வளவுதான். எடுக்கமுன்னமே இருந்த நோயை அதுவும் தொடாது. "இங்கே வந்தபின்" என்ற சொல் நேற்று இல்லை, இன்று முளைத்திருக்கிறது. மாறின நோய் பழைய நோய்.

குளத்தடி: டொக்ஸிசைக்ளின் என்ற மருந்தை 28 நாள் கொடுத்தாலும் சில நாய்களில் அந்தக் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் ஒளிந்து கிடக்கும். மாதக்கணக்காக ஒன்றும் தெரியாது, பிறகு கிளம்பும். அதைப் பரப்புகிற பழுப்பு நாய் உண்ணி இங்கிலாந்துக் குளிரில் வெளியே நிலைக்காது. அப்புறம் எங்கே புதிதாகக் கடிக்கிறது?

லண்டன் வன்னியான்: நீங்கள் எப்போது மிருக வைத்தியர் ஆனீர்கள்? போன வருடம் கருவாட்டு விலையிலும் இப்படித்தான் பண்டிதம் காட்டினீர்கள்.

முறிகண்டி மயில்: என் நாயைப் பன்றி வயிற்றில் கிழித்தது. துணியால் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன், தையலுக்குக் கைக்காசுதான். காப்புறுதிக்காரனுக்குக் கட்டுகிற காசை மாதாமாதம் உண்டியலில் போட்டால் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

பரந்தன்காரன்: மயில் அண்ணை, இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்கு அங்கே ஆயிரக்கணக்கில் பவுண் போகும், உண்டியல் தாங்காது. காப்புறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லி எடுக்க வைக்காதே என்கிறேன்.

வவுனியா மலர்: தம்பி கனடாவில் அல்சேஷன் குட்டி வாங்கப் போகிறான், எப்போது எடுப்பது நல்லது?

பரந்தன்காரன்: குட்டி வீட்டுக்கு வந்த கிழமையே எடுக்கச் சொல்லுங்கள் அக்கா, எந்த நோயும் பதிவில் ஏறமுன். அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு நோய் வரும், பரம்பரை நோய்க்கும் தருவார்களா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நோய்க்கு 14 நாள் காத்திருப்பு பல இடத்தில் உண்டு, மூட்டு நோய்க்கு இன்னும் கூட. ஏனென்றால் மாறின நோயும் பழைய நோய்தான்!

லண்டன் வன்னியான்: திரும்பத் திரும்ப அதே பல்லவி. 2 வருடம் அறிகுறி இல்லாமல் இருந்தால் ஏற்றுக்கொள்கிற நிறுவனங்கள் சில இங்கே இருக்கின்றன. தெரியாவிட்டால் கேளுங்கள்.

பரந்தன்காரன்: "சில"! நேற்று "எந்த". அதோடு 2 வருடம் என்ற நிபந்தனையும் இன்றுதான் வெளியே வருகிறது. அக்காவின் நாய்க்கு முதல் காய்ச்சல் வந்து 2 வருடம் ஆகவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடக் காசு தருகிறேன் என்று நீங்கள் சொன்னதும் இப்படித்தான், சொன்னபோது ஒன்று, கேட்டபோது இன்னொன்று.

லண்டன் வன்னியான்: பந்தல் காசை இதற்குள் இழுக்காதீர்கள், அதை உங்கள் மச்சானிடம் கொடுத்தேன், அவரிடம் கேளுங்கள். மாறின நோய் மாறினதுதான். வைத்தியரே சுகம் என்று எழுதிக் கொடுத்தபின் அது எப்படிப் பழையது?

குளத்தடி: கிருமியையே தேடுகிற பி.சி.ஆர். சோதனை செய்து இல்லை என்று எழுதிக் கொடுத்தாரா? கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கினதைத் தேடுகிற எதிருடல் பரிசோதனை சுகமானபின்னும் நீண்ட காலம் "உண்டு" என்றே காட்டும், அதை வைத்துப் பழையதா புதியதா என்று பிரிக்க முடியாது.

முறிகண்டி மயில்: உண்டியல்.

பரந்தன்காரன்: மச்சானிடம் கேட்டாயிற்று, வரவில்லை என்கிறார். நேற்று எழுதியதையும் இப்போது அழித்துவிட்டீர்கள், நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். "எந்தக் காப்புறுதியும்" என்றுதான் இருக்கிறது.