வீழ்ச்சித் தடுப்பா, வீழ்தாங்கியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டி உட்காரும் பரணுக்கான அமெரிக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பர் நேற்று அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். ஃபால் ரெஸ்ட்ரெயின்ட் (விழவே விடாமல் கட்டிவைப்பது), ஃபால் அரெஸ்ட் (விழுபவரைப் பிடிப்பது) இரண்டுக்கும் 'வீழ்ச்சித் தடுப்பு' என்றே போட்டிருக்கிறார். ஹால் லைன், லைன்மேன் ரோப், டெதர், லைஃப்லைன் நான்குக்கும் சேர்த்து 'பாதுகாப்புக் கயிறு'. இந்த இரண்டு இடங்களில்தான் எனக்கு மறுப்பு.

"வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டையே கிடையாது, வேட்டைப் பரணுக்கு எதற்குத் தமிழ்ச் சொல்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேட்டை அமெரிக்காவில் நடக்கிறது, சரி. பரண் இங்கேயும் இருக்கிறதே! பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நாட்களில் காட்டுப்பன்றிக்குப் பயந்து ராத்திரிக் காவல் இருக்கிறார்கள். என் பெரியப்பா அப்படி ஒரு புளியமரப் பரணிலிருந்து விழுந்தவர். தூக்கத்தில் விழுந்துவிடக் கூடாது என்று கிணற்றுக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கிளையில் கட்டியிருந்தார். கயிறு அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. ஆனால் விழுந்த வேகத்தில் கயிறு இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறி இறுக்கிவிட்டது. இரண்டு எலும்பு முறிந்து, ஆள் வந்து இறக்கும்வரை மூச்சுக்குத் திணறிக்கொண்டு தொங்கினார். அவர் கட்டியிருந்ததும் 'பாதுகாப்புக் கயிறு'தான். எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று அந்தச் சொல் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ரெஸ்ட்ரெயின்ட். ஆட்டை மேயக் கட்டும்போது பக்கத்துக் காட்டுப் பயிர் அதன் வாய்க்கு எட்டாத அளவுக்குத்தான் கயிறு விடுவோம். அதே கணக்குதான் இதுவும். விளிம்புக்குப் போக முடியாத நீளத்தில் ஆளைக் கட்டிவைப்பது. விழுவதற்கே வழியில்லை. மொட்டைமாடியில் சோலார் பலகை மாட்டுகிறவருக்கு இது போதும். 'விழாக்காப்பு' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. இலக்கணப்படி சரி, ஆனால் மதுரைக்காரர் காதில் அது திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதாகத்தான் விழும். 'எட்டாக்கயிறு' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பரணில் உட்கார்ந்திருப்பவருக்கு விளிம்பு ஓரடியில் இருக்கிறது. அவர் விழத்தான் செய்வார். விழுந்த பிறகு பிடிக்க வேண்டும். அதுதான் அரெஸ்ட். இதைத் 'தடுப்பு' என்று எழுதினால் படிக்கிறவர் "கட்டிக்கொண்டேன், இனி விழமாட்டேன்" என்று நம்பிவிடுவார். கயிற்றைத் தொளதொளவென்று விடுவதும் அந்த நம்பிக்கையில்தான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: இடிதாங்கி. லைட்னிங் அரெஸ்டருக்கு நாம் இடித்தடுப்பு என்று பெயர் வைக்கவில்லை. இடி விழுவதை அது தடுப்பதில்லை, விழுகிற இடியைத் தான் வாங்கி மண்ணுக்கு அனுப்புகிறது. பழைய சாலையோரங்களில் நிற்கிற சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான், சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஃபால் அரெஸ்டருக்கு 'வீழ்தாங்கி'. 'விழுதாங்கி' என்றும் எழுதிப் பார்த்தேன். கண் அதை ஆலமர விழுதோடு சேர்த்துப் படித்துவிடுகிறது.

தாங்குவது என்றால் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுந்தால் நொடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகம் வந்துவிடும். நீளாத கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் உடம்பில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன் பாரம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி முழு உடலில் மாட்டும் பட்டைக்கே 8 கிலோநியூட்டனைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. அதே விதி 1998 ஜனவரி 1 முதல், விழுபவரைப் பிடிக்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டது. பெரியப்பாவின் விலா எலும்புகளை நினைத்தால் காரணம் விளங்கும்.

அதனால்தான் ஹார்னஸ் என்கிற அந்த முழு உடல் பட்டைக்குப் பரிந்துரையாக வந்த 'இடைக்கச்சை'யை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். சொல்லே இடுப்பில் கட்டச் சொல்கிறது. 'சேணம்' குதிரைக்கு உரியது. செருப்பு வார் எல்லோருக்கும் தெரியும். 'உடல்வார்' என்று வைத்தால் தோள், மார்பு, தொடை என்று உடம்பெங்கும் வார் ஓடுவது புரியும். நம் நாட்டில் இதற்கான தர எண் ஐ.எஸ். 3521. வாங்குபவர் அந்த எண்ணை முத்திரையில் தேடிப் பார்க்க வேண்டும். ஒருமுறை விழுந்து ஆளைத் தாங்கிய உடல்வாரையும் கயிற்றையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது, வெளியே கிழிசல் தெரியாவிட்டாலும்.

இனி கயிறுகள். நம் ஊரில் சும்மா 'கயிறு' என்று யார் சொன்னார்கள்? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, ஏருக்குப் பூட்டாங்கயிறு, கமலைக்கு வடமும் வால்கயிறும், தேருக்கு வடம். ஒவ்வொன்றும் செய்கிற வேலையால் பெயர் பெற்றது. அந்த வழியிலேயே நாமும் போகலாம்.

மரத்தைச் சுற்றி வந்து இடுப்பின் இரு பக்க வளையத்திலும் மாட்டுவது, ஏறும்போதும் பரணைக் கட்டும்போதும் இரண்டு கையையும் வேலைக்கு விடுவது லைன்மேன் ரோப். அதற்கு 'அணைகயிறு'. பனையேறிகளின் 'தளைநார்' இதற்கு ஆகாதா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். தளைநார் காலுக்கு. மரத்தைப் பற்ற உதவும், கை நழுவினால் ஆளைத் தாங்காது. அணைகயிறும் விழுபவரைத் தாங்குவதற்கு அல்ல என்பதைக் கையேட்டில் தனி வரியாகவே போட வேண்டும்.

பரணுக்கு மேலே கட்டித் தரைவரை தொங்கவிடுவது லைஃப்லைன். அதற்கு 'உயிர்க்கயிறு'. தரையை விட்டுக் காலை எடுக்கும் முன்பே இதில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றுகிற அந்த ஓர் அடிதான் பொல்லாதது. இதில் ஏறி இறங்கும் முடிச்சு புருசிக். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் எழுதி வெளியிட்டது, அவர் பெயரே இருக்கட்டும். பாரம் இல்லாதபோது வழுகும், பாரம் விழுந்தால் கவ்வும். சுற்றும் கயிறு உயிர்க்கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் கவ்வும். முடிச்சை எப்போதும் தலைக்கு மேலேயே வைத்திருந்தால் விழும் தூரம் ஒரு சாணோ இரண்டு சாணோதான்.

சாமான்களைக் கீழிருந்து இழுக்கும் ஹால் லைனுக்குத் 'தூக்குக்கயிறு' வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் வேறு வேலை இருக்கிறது. 'சுமைக்கயிறு' போதும்.

உடல்வாரை உயிர்க்கயிற்றோடு இணைக்கும் டெதருக்குத் 'தும்பு' என்று முன்மொழிகிறேன். மாட்டைக் கட்டும் கயிறுதான் டெதர், தும்பும் அதுவேதான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை தெரியாதவர் உண்டா?

கயிற்றின் பொருளைப் பற்றி ஒரு சொல். கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் எடுத்து நீட்டுவது பல நேரம் பாலிபுரொப்பிலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும், நைலான் மூழ்கும். பாலிபுரொப்பிலீன் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். மூழ்குகிறது என்பதற்காக எந்த நைலான் கயிற்றையும் வாங்கி ஆளைக் கட்டிவிடவும் கூடாது. வீழ்தாங்கிக்கென்று செய்து, தாங்கும் பாரம் அச்சிட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும். தமிழாக்கத்தில் 'நைலான்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து,
உங்கள் நண்பன்

மறுநாள் சேர்த்தது:

யாழ்ப்பாணத்து நண்பரின் மடலுக்கு மிக்க நன்றி. அவர்கள் ஊரில் தும்பு என்றால் தென்னை நாராம். தும்புக்கயிறு என்று எழுதினால் நார்க்கயிறு என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்களாம். அப்படியானால் தும்பை உடனே கைவிடுகிறேன். ஒரு சொல்லைப் படித்துவிட்டு யாரும் நார்க்கயிற்றில் தொங்கக் கூடாது. டெதருக்குப் 'பிடிகயிறு' என்று வைத்துக்கொள்வோம். காளையை நடத்திக்கொண்டு வருகிறவர் கையில் இருப்பதும் அதுதான்.

பட்டியலில் விடுபட்ட ஒன்றும் இருக்கிறது. வீழ்தாங்கி தாங்கிவிட்ட பிறகு ஆள் அந்தரத்தில் தொங்குவார். தொடை வார் அழுத்தி, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பக்கூடும். இதற்குத் 'தொங்கல் மயக்கம்' என்கிறேன். அந்த நேரத்தில் காலை ஊன்றி எழும்பி நிற்க ஒரு வளையப் பட்டை உண்டு. அதற்கு 'மிதிவார்' சரியாக இருக்குமா, வேறு நல்ல சொல் இருக்கிறதா என்று மரமேறிப் பழகியவர்கள் யாராவது சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.