மறு: பிளக் வயரில் ‘கரண்ட் லீக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மின்கசிவு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வணக்கம்.

அந்தச் சொல்லை நாளிதழ்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. குடிசை எரிந்தாலும் துணிக்கடை எரிந்தாலும் ‘மின்கசிவு காரணமாக’த்தான். தவிர, கசிவு என்றால் ஊறி ஊறி வெளியேறுவது. எஞ்சினுக்குள் பொறி அடித்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் நான் சொல்ல வந்த பழுது ஒரு பாய்ச்சல்.

என் வீடு தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கம். மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் கிளம்பிவிடும். வேகம் கூட்டினால் திக்கித் திணறும். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்தேன். பொறி தாண்டும் முனைகளின் இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். கடைசியில் புதிதாகவே ஒன்று வாங்கிப் போட்டேன். பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி. மஞ்சக்குப்பத்தில் ஒரு மெக்கானிக் வண்டியைக் கடைக்குள் தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். வயரைப் பிளக்கோடு இணைக்கும் மூடியின் விளிம்பிலிருந்து எஞ்சினுக்கு நீலமாக ஒரு கோடு துள்ளியது. “வெளியே அடிக்கிறது சார்” என்றார். உள்ளே அடிக்க வேண்டியது வெளியே அடிக்கிறது. அகம், புறம் என்று பிரித்துப் பழகிய நமக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? புறப்பொறி.

‘காயில்’ என்ற மின்சுருள் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்குமேல் ஏற்றி அனுப்புகிறது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் கலவையைத் தாண்டுவதைவிட வெளிக்காற்றைத் தாண்டுவது அதற்கு எளிது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க உள்ளழுத்தம் ஏறும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் கூடுதல் வோல்ட் தேவைப்படும். மூடியில் விரிசலோ, பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் உப்பு ஈரமோ இருந்துவிட்டால் பொறி குறுக்குவழியில் போய்விடுகிறது. இதே பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தால் அழகாக அடிக்கும். வெளியே அவ்வளவு அழுத்தம் இல்லையே! அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

புதுப் பிளக் பத்தே நாள் தாங்கியதற்கும் காரணம் உண்டு. புறப்பொறி போன வழியில் கறுப்புக் கோடு விழுகிறது, பீங்கான்மேலும் மூடியின் உட்புறத்திலும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறி அதே தடத்தில் ஓடும். மூடியை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால், மூடியில் இருக்கும் கோடு புதுப் பிளக்கையும் கெடுக்கிறது. இந்தக் கோட்டுக்குக் ‘கரித்தடம்’ என்று பெயர் வைக்கலாம்.

> பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி எல்லாம் வருமே?

வரும். சைவ சித்தாந்தம் படித்தவருக்குப் புறப்பொறி என்றதும் கண்ணும் காதும் நினைவுக்கு வரலாம். ஆனால் பிளக்கைப் பற்றிப் படிக்கும்போது யாரும் அப்படிக் குழம்ப மாட்டார்கள். ‘புறத்தீப்பொறி’ என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைத் ‘தீப்பொறிச் செருகி’ என்பதில்தான் எனக்கு மனக்குறை. அதை யார் செருகுகிறார்கள்? திருகுகிறோம். பிளக் பிளக்காகவே இருக்கட்டும்.

– கடலூரிலிருந்து

---

ஐயா, புறப்பொறிக்கு என் வாக்கு. கரித்தடத்துக்கு வரையறை எழுதும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். ‘கறை’ என்று எழுதிவிடாதீர்கள். பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் படிவதுண்டு. அங்குள்ள உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வருவது அது. தீங்கற்றது. அதைப் பார்த்துப் பயந்து நல்ல பிளக்கைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கரித்தடம் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடு என்றே எழுதுங்கள்.

வயருக்கு ஒருவர் முன்மொழிந்த ‘பொறிவடம்’ வேண்டாம். வடம் என்றால் எங்கள் பக்கம் வில்லியனூர்த் தேர்தான் கண்முன் வரும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வயருக்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கு? ‘வயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்றவும்’ என்று ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்த்தால் சொல்லோடு பயனும் சேரும்.

வினைச்சொல்லுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ‘புறம்பொறித்தது’ என்றால் கேட்கிறவர் காதில் பொரித்த மீனாகிவிடும். மெக்கானிக் சொன்ன ‘வெளியே அடிக்கிறது’ போதும்.

– புதுச்சேரியிலிருந்து