விஸ்கி வரி 1791: குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

சித்ரா: மாமா, ஒரு சாராய வரியைக் கட்ட மாட்டேன்னதுக்கா அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி வாஷிங்டன் சொந்த ஜனங்க மேலயே படையைக் கிளப்பினாரு? வரி அவ்வளவு பெருசா?

மதுரை மாமா: தொகையை விடும்மா, வாங்கின விதத்தைப் பாரு. 1790ல மாநிலங்களோட சுதந்திரப் போர்க்கடனை மத்திய அரசு ஏத்துக்கிச்சு. நிதி அமைச்சர் ஹாமில்டனுக்கு வட்டி கட்டப் பணம் வேணும். 1791 மார்ச்ல சட்டம் வந்துச்சு.

பெரியக்கா: நாட்டுப்புறத்துல காய்ச்சுறவங்களுக்குக் கொப்பரை அளவை வச்சு வரி. கொப்பரை கொள்ளுற ஒவ்வொரு கேலனுக்கும் வருஷம் 60 சென்ட். இல்ல, கணக்கு எழுதிக் காட்டினா காய்ச்சின கேலனுக்கு 9 சென்ட்.

முரளி: 100 கேலன் கொப்பரைன்னா 60 டாலர். வருஷம் பூரா ஓட்டி 1,000 கேலன் எடுக்கிறவனுக்குக் கேலனுக்கு 6 சென்ட்தான் விழும்.

பெரியக்கா: அங்கதான் வம்பே. அறுப்பு முடிஞ்சு கொஞ்ச நாள் மட்டும் காய்ச்சுற விவசாயி கேலனுக்கு 9 சென்ட் கட்டணும், பெரிய ஆளு 6 கட்டுவான். 1792ல 60ஐ 54ன்னும் 9ஐ 7ன்னும் குறைச்சாங்க, மாசக் கணக்குல கட்டவும் விட்டாங்க. கோபம் அடங்கல.

சித்ரா: மேற்கு பென்சில்வேனியா மட்டும் ஏன் அப்படிக் கொதிச்சது?

மதுரை மாமா: நடுவுல அலெகெனி மலை. ஒரு குதிரை 4 புஷல் (அந்த ஊரு மரக்கால் மாதிரி ஒரு அளவு) தானியம்தான் சுமக்கும். விஸ்கியா மாத்தினா 24 புஷலோட சரக்கை ரெண்டு சின்னப் பீப்பாயில ஏத்திடலாம். ஆத்து வழியா நியூ ஆர்லியன்ஸ் போகலாம்னா அது ஸ்பெயின் கையில. ரொக்கம் கண்ணுல படாத ஊரு, கொடுக்கல் வாங்கலே விஸ்கியிலதான். வரியை மட்டும் காசா வை-ன்னா?

முரளி: கோர்ட்டை விட்டுட்டீங்க. வழக்குன்னா பிட்ஸ்பர்க் பக்கத்துல இருந்து சுமார் 300 மைல் தாண்டி பிலடெல்பியா போகணும். 1794 ஜூன் 5ல உள்ளூர் கோர்ட்டே விசாரிக்கலாம்னு திருத்தினாங்க. ஆனா வரி கட்டாதவங்களுக்குச் சம்மன் மே 31லயே பழைய சட்டப்படி போட்டாச்சு. ஜூலை 15ல மார்ஷல் (மத்திய கோர்ட் அதிகாரி) லெனாக்ஸ் அதைக் கொண்டு போனாரு, கூட வரி அதிகாரி நெவில். ரெண்டு நாள்ல நெவில் வீடு எரிஞ்சுபோச்சு.

சித்ரா: உடனே படையா?

முரளி: நேரா அனுப்ப முடியாது. 1792 மிலிஷியா (மாநிலங்களோட குடிமக்கள் படை) சட்டப்படி, சாதாரண வழியில சட்டத்தை நடத்த முடியலன்னு ஒரு நீதிபதி எழுதித் தரணும். உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் ஆகஸ்ட் 4ல தந்தாரு. 7ம் தேதி ‘கலைஞ்சு போங்க’ன்னு அறிவிப்பு. ஒரு பக்கம் சமரசக் குழுவும் போச்சு.

பெரியக்கா: பென்சில்வேனியா கவர்னர் மிஃப்ளின், முதல்ல எங்க மாநிலக் கோர்ட் பாக்கட்டும்னு இழுத்தாரு. எனக்கு வரிச் சண்டையை விட இந்த மத்திய-மாநில இழுபறிதான் பெருசாத் தெரியுது.

மதுரை மாமா: கடைசியில நாலு மாநில மிலிஷியா ஆளுங்களைக் கூப்பிட்டாங்க: நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாண்ட், வர்ஜீனியா. ஏறக்குறைய 13,000 பேர். அக்டோபர்ல வாஷிங்டனே கார்லைல், பெட்ஃபோர்ட் வரைக்கும் போனாரு. போய்ச் சேர்ந்தப்போ எதிர்க்க ஆளே இல்ல. தேசத் துரோகத்துல தண்டனை ரெண்டே பேருக்கு, ரெண்டு பேருக்கும் மன்னிப்பு.

சித்ரா: அப்புறம் வரி ஒழுங்கா வந்துச்சா?

பெரியக்கா: கென்டக்கியிலயும் யாரும் பெருசாக் கட்டல. அங்க படை எட்டிக்கூடப் பாக்கல 😄 1802ல ஜெபர்சன் ஆட்சியில வரியையே எடுத்துட்டாங்க.