குளிர்ந்து வந்த காற்று சிறிது நேரத்தில் சூடாகிறது: பழைய போர்ஷே 944 ஏசி குறித்து உதவி தேவை

கேள்வி

வணக்கம். என்னிடம் 1987ஆம் ஆண்டின் போர்ஷே 944 ஒன்று இருக்கிறது. முதலில் ஆர்-12 கேஸில் ஓடிய இதன் ஏசியை முந்தைய உரிமையாளர் ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றியிருக்கிறார். எஞ்சினை இயக்கிய புதிதில் டாஷ்போர்டின் நடுத் துவாரங்களில் நல்ல குளிர்ச்சி வருகிறது. எஞ்சின் சூடேறி, வெப்பமானி முள் நடுப்பகுதிக்கு வந்த பிறகு அக்குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் வெறும் விசிறிக் காற்றாகிவிடுகிறது. பணிமனையில் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. இப்போது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் நானே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்? ஏசியின் கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜ் செட்டும் வெப்பமானியும் கைவசம் உள்ளன.

மறுமொழி 1

கம்ப்ரசரை இப்போதைக்குத் தொட வேண்டாம். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்விக்கும் ஏசிக்கு அழுத்தம் உண்டாக்கும் திறன் இருக்கிறது என்றுதான் பொருள். கேஸ் குறைவாக இருந்தால் அந்தக் குறை முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜைப் பொருத்திக் கேஸின் அளவைச் சொல்லவும் முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ சுமார் 97 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும், உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் அதே 97தான், முழுமையாக நிரம்பியிருந்தாலும் அதே 97தான்.

முதலில் குளிர்ந்து பிறகு சூடாவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. குளிர்ச்சி போகும் அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும். காற்றின் வேகமே குறைந்து, ஏசியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் சிறிது நேரத்தில் மீண்டும் சரியானால், காரினுள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி உறைகிறது. பனி பிடிக்காமல் காக்கும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் பழுதடைந்திருக்கும். காற்று குறையாமல், கேஜில் லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) முள் மட்டும் பூஜ்ஜியத்துக்கும் கீழே வேக்குவத்தை (வெளிக்காற்றைவிடக் குறைந்த, உறிஞ்சும் அழுத்தம்) நோக்கி இறங்கினால், உள்ளே தங்கிய ஈரம் கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைந்து அடைக்கிறது. கம்ப்ரசரின் முன்தட்டு சுழலாமல் நின்று, இரு முள்களும் ஒன்றையொன்று நெருங்கினால், கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் மின்காந்தக் கிளட்சின் இடைவெளி தேய்மானத்தால் பெருகிவிட்டது; கிளட்சின் காயில் சூடாகும்போது அதன் மின்தடை கூடி, காந்த இழுப்பு குறைவதால், அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய அந்த இடைவெளியை அதனால் கடந்து இழுக்க முடிவதில்லை.

இவை எதுவும் மாறாமல், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று சூடானால் அது நான்காவது காரணம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அளவுகளை எழுதுங்கள்.

மறுமொழி 2

கேஸ் மாற்றத்தையும் சற்று யோசிக்க வேண்டும். ஆர்-12க்கென வடிவமைத்த கண்டென்சர் (கேஸின் வெப்பத்தை வெளியே விடும் பகுதி) ஆர்-134ஏவின் வெப்பத்தை முழுமையாக வெளியேற்றுவதில்லை. மாற்றியபோது ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, பழைய மினரல் ஆயிலை வெளியேற்றி, ஆர்-134ஏவுக்கு ஏற்ற எஸ்டர் அல்லது பி.ஏ.ஜி. ஆயில் ஊற்றினார்களா என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஆர்-12க்கே திரும்பிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டிரையர் புதியது, எஸ்டர் ஆயில் ஊற்றியதற்கான குறிப்பு காரின் கோப்பில் இருக்கிறது. வெளி வெப்பம் 33 டிகிரி. தொடக்கத்தில் துவாரத்தில் 8 டிகிரி. எஞ்சின் சூடான பிறகு 21 டிகிரி. அந்த 21 டிகிரி நிலையிலும் லோ சைடு 32, ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) 225 பி.எஸ்.ஐ.; கிளட்ச் சுழன்றுகொண்டே இருந்தது, காற்றின் வேகமும் குறையவில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்கும்போது நடுத் துவாரக் காற்று தளர்ந்து, முன்கண்ணாடிப் பக்கம் திரும்புகிறது. காலை எடுத்தால் திரும்பி வருகிறது.

மறுமொழி 1

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் விடைக்கு வழிகாட்டுகிறது. ஆர்-134ஏ கேஸில் 32 பி.எஸ்.ஐ. என்றால் கூலிங் காயிலினுள் கேஸ் ஏறக்குறைய 3 டிகிரியில் கொதிக்கிறது. காயில் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்க, துவாரத்தில் 21 டிகிரி வருகிறது என்றால், குளிர்ந்த காற்றை வழியில் ஏதோ ஒன்று மறுபடியும் சூடாக்குகிறது. அந்த வழியில் இருப்பது, எஞ்சினின் சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோர் ஒன்றுதான். இதுதான் நான் சொன்ன நான்காவது காரணம்.

இந்தக் காரில் ஹீட்டருக்குச் செல்லும் கூலன்ட்டை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. வேக்குவம் கிடைத்தால் அது மூடும்; கிடைக்காவிட்டால் திறந்தே நிற்கும். காற்றைத் திருப்பும் மடல்களையும் வேக்குவமே இயக்குகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் வேக்குவம் விழும். அந்நேரத்தில் முன்பு சேர்ந்ததை வெளியேறவிடாமல் காப்பது ஒருவழி வால்வின் வேலை. உங்கள் காரில் மடல்கள் தளர்வதால், அந்த வேக்குவக் குழாய்களில் எங்கோ கசிவு இருக்கிறது.

உறுதிசெய்ய ஒரே சோதனை போதும். எஞ்சின் சூடாகி, வெப்பநிலைக் கட்டுப்பாடு முழுக் குளிரில் இருக்கும்போது, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் காரின் உட்பகுதிக்கும் இடையிலான தடுப்பு) அருகே ஹீட்டர் வால்வின் இருபுறமும் உள்ள கூலன்ட் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வால்வு மூடியிருந்தால் எஞ்சின் பக்கம் கை வைக்க முடியாத சூடும், ஹீட்டர் பக்கம் வெதுவெதுப்பும் இருக்க வேண்டும். இருபுறமும் ஒரே சூடு என்றால் அது மூடவில்லை. குழாயை நெரித்துப் பார்க்கச் சொல்வார்கள். பழைய ரப்பரும் பிளாஸ்டிக் வால்வும் நொறுங்கும் தன்மையுடையவை என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்டென்சர் பற்றிய நண்பரின் கருத்து பொதுவாகச் சரியே. ஆனால் அக்குறை, கார் நின்றிருக்கும்போது ஹை சைடு ஏறுவதிலும், வேகமாகச் செல்லும்போது குளிர்ச்சி கூடுவதிலும் தெரியும். இங்கே நடப்பது வேறு. ஆர்-12க்குத் திரும்ப நான் சொல்ல மாட்டேன். ஓசோனைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பதைத் தேடி வாங்கினாலும் இந்தக் குறை தீராது.

கேட்டவர்

இரு குழாய்களும் ஒரே சூடு. கைப் பம்பால் வால்வுக்கு நேரடியாக வேக்குவம் கொடுத்தேன். உடனே மூடியது, பிடித்தும் வைத்தது. எனவே வால்வு நல்லது. வேக்குவக் குழாயைத் தடவிக்கொண்டே பின்னோக்கிச் சென்றபோது, ஒருவழி வால்வின் மேல் ஏறும் ரப்பர் முழங்கை, அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. தொட்டதும் விரலில் கரி ஒட்டியது. மாற்றிவிட்டேன். இப்போது எஞ்சின் சூடான பிறகும் 10 டிகிரி நிற்கிறது, ஏற்றத்திலும் காற்று திசை மாறவில்லை. மீதமுள்ள 2 டிகிரிக்கும், துவாரத்திலிருந்து அவ்வப்போது வரும் கறுப்புத் துகள்களுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 3

உண்டு. குளிர்க்காற்றையும் வெப்பக்காற்றையும் கலக்கும் மடலின் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். வயதாகி உதிர்ந்த அந்த நுரைதான் நீங்கள் காணும் துகள். பட்டை போனதால் மடல் மூடிய பிறகும் ஓரங்களில் காற்று கசிந்து ஹீட்டர் கோரைத் தொட்டுவிட்டு வருகிறது. இப்போது வால்வு மூடுவதால் இழப்பு சிறியதே; டாஷ்போர்டை வேறு வேலைக்காகக் கழற்றும்போது புது நுரை ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் மற்ற ரப்பர் முழங்கைகளையும் மாற்றிவிடுங்கள். ஒன்று வெடித்திருந்தால் அதே வயதுடைய மற்றவையும் அதிக காலம் தாங்காது. ஒருவழி வால்வை எஞ்சின் பக்கமிருந்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும், ஊதினால் போகக் கூடாது. இதையும் பார்த்துவிட்டால் இந்தப் பக்கத்தில் வேலை முடிந்தது.